ஒரு ஏக்கருக்குக் கீழே

எங்கள் நகராட்சி அலுவலகத்தில் மனைப் பிரிவு வரைபடங்களைச் சரிபார்க்கும் அதிகாரிக்கு 'ஸ்கேல்' என்று பெயர் வைத்தவள் நான்தான். சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்டீல் ஸ்கேல் வைத்திருப்பார். ஆளும் அப்படித்தான், வளைய மாட்டார். மனு கொண்டு வருகிறவர்கள் வாங்கித் தரும் டீயைக்கூடத் தொட மாட்டார். அவர் தொடாததால் பக்கத்து மேசையில் பதிவேடு எழுதும் நானும் தொட முடியாது. அந்தக் கடுப்பு எனக்கு உண்டு.

மழைநீர் விதி அவருக்கு மனப்பாடம். ஒரு ஏக்கரோ அதற்கு மேலோ நிலத்தை மனை போட்டால், அங்கே விழும் மழையை அங்கேயே தேக்க ஒரு குளம் வெட்ட வேண்டும். அதற்குக் குறைந்தால் குளம் வேண்டாம், கால்வாய் போதும். அந்தக் கால்வாயின் அகலத்தையும் சரிவையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். அரை அங்குலம் குறைந்தாலும் படம் திரும்பிப் போகும்.

மேட்டுப் பக்கத்து நிலத்துக்கு முதல் கோப்பு வந்தபோது அளவு தொண்ணூற்றெட்டு சென்ட். ஆறு மாதம் கழித்து அதையொட்டி இன்னொன்று, தொண்ணூற்றாறு. இப்படி நான்கு வருடத்தில் ஒன்பது கோப்புகள். மனுதாரர் மட்டும் அண்ணன், தம்பி, மாமியார், மச்சினன் என்று மாறிக்கொண்டே இருந்தார். போன் நம்பர் மாறவில்லை. எழுதி எழுதி அது எனக்குத் தூக்கத்திலும் வரும்.

ஐந்தாவது கோப்பின்போது கேட்டேன். "சார், இந்தக் குடும்பத்துல ஒருத்தருக்குக்கூட முழுசா ஒரு ஏக்கர் வாங்க வக்கில்லையா? எல்லாத்துலயும் ஒரே போன் நம்பர்."

அவர் சிரிக்கவில்லை. "போன் நம்பரைப் பாக்கச் சொல்லி விதியில இல்லம்மா. என் முன்னாடி இருக்கற படம் சரியா இருக்கா? இருக்கு."

ஒன்பதிலும் ஒரு பிழை கிடையாது. அவர் கையெழுத்துப் போட்டார். நானும் வாயை மூடிக்கொண்டு வரிசை எண் போட்டேன்.

அந்த மேட்டுக்குக் கீழே, பள்ளத்துத் தெருவில் அவருடைய தங்கை குடியிருந்தாள். தையல் கடையில் வேலை. சாரத்திலிருந்து விழுந்த கணவருக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. மூன்று வருடமாகக் கட்டில்தான். போன மழைக்காலத்தில் அவள் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள்.

"அண்ணா, முன்னல்லாம் தண்ணி தெருவோட போயிடும். இப்போ வாசல் வரைக்கும் வருது. மேல பூரா சிமென்ட் போட்டுட்டாங்க. ரெண்டு தெரு தள்ளி மாடியில ஒரு வீடு காலியா இருக்கு. அவரைத் தூக்கிட்டுப் போயிடலாமான்னு பாக்கறேன்."

அவர் கடைசிப் படத்தை எடுத்து, கால்வாயை விரலால் தொட்டுக் காட்டினார். "ஒவ்வொண்ணையும் நானே பாத்துக் கையெழுத்துப் போட்டிருக்கேன். பயப்படாம இரு. அவரை மாடி ஏத்தி இறக்கறது உன்னால ஆகற காரியமா?"

அண்ணன் சொன்னால் அவளுக்கு மறுபேச்சு கிடையாது. அந்த போன் நம்பர் என் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லாமல் விட்டேன்.

இந்த வருடம் ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு மழை பிடித்தது. ஒன்பது கால்வாய்களும் விதிப்படி, ஒழுங்காக, ஒரே நேரத்தில் பள்ளத்துத் தெருவில் தண்ணீரைக் கொட்டின. தையல் கடையிலிருந்து தங்கை இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்து சேர இரண்டு மணி நேரம் ஆனது. அக்கம்பக்கத்தார் மொட்டை மாடிகளில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். தண்ணீரின் இழுப்பு தணிந்த பிறகே இறங்கி வந்து கதவை உடைக்க முடிந்தது. கட்டில் மூழ்கி வெகுநேரம் ஆகியிருந்தது.

மூன்று வாரம் கழித்து விசாரணைக்குப் பெரிய அதிகாரி வந்தார். கோப்புகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். "உங்க பேர்ல ஒரு குறையும் இல்ல. நிம்மதியா இருங்க" என்றார்.

"குறை இருக்குன்னு எழுதுங்க சார்."

"எந்த விதிப்படி எழுதச் சொல்றீங்க?"

விதி முழுக்க மனப்பாடமான மனிதர் விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். பெரிய அதிகாரி போனதும் ஒன்பது படங்களையும் தரையில் பரப்பி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து வைத்தார். பிசிறில்லாமல் பொருந்தின. எட்டரை ஏக்கருக்கு மேல், ஒரே நிலம். குளத்தை எங்கே வெட்டியிருக்கலாம் என்றுகூடத் தெரிந்தது. அவர் மண்டி போட்டபடியே அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை. அவர்மேல் கோபம் வந்தது, அதைவிட அதிகமாக என்மேல்.

மறுநாள் படங்களைச் சுருட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனார். தனியாகப் போகத் தைரியமில்லாமல் என்னையும் அழைத்தார். சுவரில் நெஞ்சு உயரத்துக்குச் சேற்றுக் கறை இருந்தது. அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் தரையில் படங்களை விரித்தார்.

"தனித்தனியாப் பாத்தேன்மா. சேத்துப் பாத்தா இது ஒரே நிலம். பெரிய குளம் கேட்டிருக்கணும். உன்னைப் போக விடாமத் தடுத்ததும் நான்தான். தப்பு என்னோடது."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு படங்களைப் பார்த்தாள்.

"இப்படிச் சேத்து வைக்க எவ்வளவு நேரம் ஆச்சு அண்ணா?"

"ஒரு பத்து நிமிஷம்."

"அவர் முக்கால் மணி நேரம் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாராம். மாடியில நின்னவங்க சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு, அவள் மிச்சப் பாத்திரத்தைக் கழுவப் போனாள்.