நீலச் சட்டையில் வெள்ளைக் கோடுகள்

என் கணவரின் பைக்குள் சுருட்டிக் கிடந்த நீலச் சட்டையை உதறியபோது, முதுகெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். முகப்பவுடர் என்றே முடிவு கட்டினேன். எங்கள் வீட்டில் யாரும் பவுடர் போடுவதில்லை.

ஏற்கெனவே எனக்குச் சந்தேகம். சிங்கப்பூரில், தஞ்சோங் பகார் பக்கம் ஏசி ஆபீஸ் வேலை அவருக்கு. காலையில் சட்டையோடு போகிறவர் சாயங்காலம் பிடோக் வீட்டுக்கு டி-ஷர்ட்டில் வருவார். கேட்டால், "மழையில நனைஞ்சிட்டேன் லா" என்பார். அன்று மழையே பெய்திருக்காது.

நான் பிள்ளைகளுக்கு அறிவியல் டியூஷன் எடுப்பவள். அந்தக் கோடுகளைக் கொஞ்சம் தண்ணீரில் அலசிப் பார்த்தேன். பவுடர் என்றால் தண்ணீர் கலங்கியிருக்கும். கலங்கவில்லை. அப்போதும் நான் விடவில்லை. அந்தத் தண்ணீரை வாணலியில் ஊற்றிக் காய்ச்சினேன். வற்ற வற்ற ஓரத்தில் வெள்ளையாகப் படிந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.

உப்பு. ஏசியில் உட்காருகிறவருக்கு இவ்வளவு வியர்வையா?

அவர் வந்ததும் சட்டையை நீட்டினேன். "தினமும் எங்க போறீங்க?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். "வேலை போய் மூணு வாரமாச்சு. சைக்கிள்ல சாப்பாடு டெலிவரி பண்றேன். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

மறுநாள் அவர் பையில் உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸ் வைத்தேன். "எப்படிக் கண்டுபிடிச்ச?" என்று கேட்டார். "சயின்ஸ் டீச்சர் லா" என்று சிரித்து மழுப்பினேன்.

அவர் என்னிடம் மறைத்தது மூன்று வாரம். அந்த வாணலியில் நான் எதைத் தேடினேன் என்பதை அவரிடம் மறைத்து இரண்டு வருடமாகிறது.