எந்த பஸ் என்று எனக்கு மட்டும் சொன்னவள்

கெக்கிராவையிலிருந்து ஒரு பெண் பேசினார். முன்பின் கேட்டிராத குரல். "சாய்ந்தமருது ராத்தாவா? பௌசியா ராத்தாட கொப்பியில முதல் நம்பர் உங்கடதான் இரிக்கி" என்றார். பௌசியா அன்று காலையில் அந்த வீட்டுத் தலையணை உறைகளுக்கு ஓரம் தைத்துக் கொடுத்திருக்கிறாள். பத்து மணி போல நெஞ்சு எரிகிறது என்று பாயில் சாய்ந்தாளாம். தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தபோது மூச்சில்லை. "அவங்கட ஆக்களுக்கு நீங்களே சொல்லிடுங்க ராத்தா" என்று அழுதுகொண்டே அந்தப் பெண் போனை வைத்துவிட்டார்.

அவளுடைய ஆட்கள் என்றால் மருதமுனையில் இருக்கும் மூத்த சகோதரர் லெத்தீப் காக்கா ஒருவர்தான். போனைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தேன். பௌசியா எங்கே இருக்கிறாள் என்று நான் அவருக்கு ஏற்கெனவே ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். அதை அவளிடம் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? பதினைந்து வருடமாக என்னை அரித்த கேள்வி இது. இதை வாசிக்கும், அவளை அறிந்த உங்களில் பலர், "அண்டைக்கு ஆரு காட்டிக் குடுத்த?" என்று என் முன்னாலேயே கதைத்திருக்கிறீர்கள். நான்தான்.

கல்முனையில் ஒரு தையல் கடையில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் இருந்தவர்கள் நாங்கள். எங்கள் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். லெத்தீப் காக்கா கட்டாரில் வெயில் தின்று தங்கைக்கு ஒரு வீடு எழுப்பினார். தலாக் ஆகிப் புருஷன் போனபின் அந்த வீட்டில் அவள் தனியே கிடந்தாள். "நான் ஊட்டக் காவல் காக்கிறனா, ஊடு என்னக் காவல் காக்குதா எண்டு விளங்குதில்லகா" என்பாள். ஒருநாள் வீட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டேன், அந்தக் காசில் தனியே ஊர் சுற்றப் போகிறேன் என்று அவள் சொன்னபோது என் ஊசி முறிந்தது. எவ்வளவு நாளைக்கு என்று கேட்டேன். "வாடகை வாற வரைக்கும்."

வெள்ளிக்கிழமை அம்பாறைக்குப் போய் மொனராகலை பஸ் எடுப்பதாக எனக்கு மட்டும் சொன்னாள். அந்த வெள்ளி பின்னேரம் அஸர் தொழுகை நேரத்துக்கு லெத்தீப் காக்கா கடைக்கு வந்தார். வெளியே வேனில் அவளுடைய உம்மா ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார். காக்கா இரண்டாம் தடவை கேட்க முதல் நான் சொல்லிவிட்டேன். பயத்தில் சொன்னேன் என்று பல வருடம் எனக்கு நானே சமாதானம் சொன்னேன். பயம் பாதிதான். அவள் போகிறாள், நான் இங்கே பொத்தான் தைக்கிறேன் என்ற எரிச்சல் மீதி. பொறாமை என்று எழுத இப்போதும் கை கூசுகிறது.

மொனராகலை பஸ் நிலையத்தில் பணிசும் பிளேன்டீயுமாக நின்றவளை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அடையாள அட்டையைப் பிடுங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினார்கள். அந்த நாட்களில் அது இல்லாமல் இரண்டு சோதனைச் சாவடி தாண்ட ஏலாது. ஒரு வருடம் பொறுத்தாள். பிறகு கிராம சேவகரிடம் போய், அட்டை தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்துப் புதிது எடுத்தாள்.

"பொய்யா சொன்ன நீ?" என்று கேட்டேன்.

"எனக்கிட்ட இல்லாத சாமான் தொலைஞ்ச சாமான்தானே!"

அதன்பிறகு அவளை ஒருவராலும் பிடிக்க முடியவில்லை. ஒரு கைப்பை, அதற்குள் இரண்டு அபாயா, தொழுகைத் துணி, அவல், சீனி, ஒரு தகர டப்பாவில் கத்தரிக்கோலும் ஊசி நூலும். "பைய ஒத்தக் கையால தூக்க ஏலாட்டி அது பயணமில்ல, குடிபோற" என்பாள். அரச பஸ்ஸைத் தவிர எதிலும் ஏற மாட்டாள். சன்னல் சீட் கேட்க மாட்டாள். கதவடியில் இருந்தால்தான் ஏறுகிறவர்களோடு கதைக்கலாம், இறங்குகிறவர்களோடு கூடவே போகலாம். லுணுகலைக் கதையை அவள் எல்லாருக்கும் சொல்லியிருப்பாள். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை ஒன்று முழங்காலுக்கு மேல் ஏறிய வெள்ளைக் கவுணோடு பஸ்ஸில் ஏறியதாம். இவள் கூடவே இறங்கிப் போய், அந்த லயத்து அறையில் கவுணின் மடிப்பை அவிழ்த்து நீளமாக்கிக் கொடுத்து, ரொட்டி தின்று, தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் படுத்து எழும்பி வந்தாள். இப்படித்தான் அவளுக்குத் தங்குமிடம் கிடைத்தது. ஆனால் எந்த வீட்டிலும் மூன்று நாளைத் தாண்டியதில்லை. "நாலாம் நாள் அவங்க நம்மட சோத்த அளக்கத் தொடங்குவாங்க. அளக்காட்டியும் நமக்கு அப்பிடித்தான் தெரியும்."

இந்தப் பக்கம் வந்தால் என் வீட்டில்தான் நிற்பாள். அவளுடைய வீட்டில் வாடகைக்காரர் இருந்தார்களே. பயணத்தில் இருப்பவருக்கு நாலு றக்அத் தொழுகை இரண்டாகச் சுருங்கும். ஓரிடத்தில் நாலு நாள் தங்குவதென்று நிய்யத் வைத்தால் முழுதாகத் தொழ வேண்டும். அவள் மத்தியானத்து லுஹரை இரண்டில் முடிப்பதைப் பார்த்து, இவள் போகப்போகிறாள் என்று நான் அறிந்துகொள்வேன். எனக்குக் கோபம் வரும்.

"மருதமுனை இந்தா கிடக்கு. நீ என்ன பிரயாணி?"

"அங்க என்ட ஊட்டுல வேற ஆக்கள் சோறாக்குறாங்க. நான் எங்க போய் ஊர்க்காரியாகிறகா?"

நான் விடாமல் ஒரு மௌலவியிடம் கேட்டேன். அவர் தாடியைத் தடவிவிட்டு, "அந்தப் புள்ளைய நேர வரச் சொல்லுங்க" என்றார். அவளாவது, போவதாவது!

நான் டெங்கு காய்ச்சலில் விழுந்த வருடம், கணவர் கொழும்பில், பிள்ளைகள் வெளிநாட்டில். எப்படியோ கேள்விப்பட்டு வந்து சேர்ந்தாள். படுக்கையில் கிடந்தபடி அவள் லுஹர் தொழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது றக்அத்தில் இருப்பில் இருந்தாள். ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். மூன்றாவதுக்கு எழும்பி நின்றாள். நான் தலையணைக்குள் முகத்தைப் புதைத்து அழுதேன். பத்தொன்பது நாள் நின்றாள். பப்பாசி இலைச் சாற்றை ஏசி ஏசிக் குடிக்க வைத்தாள். பதினைந்தாம் நாளிலிருந்து அவளுக்குக் கால் தரிக்கவில்லை. வாசலுக்கும் கிணற்றடிக்கும் நடப்பாள், ரோட்டில் பஸ் ஹோர்ன் கேட்டால் கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பாள். ஆனாலும் நான் எழும்பி நடக்கும் வரை போகவில்லை.

அந்த நாட்களில் ஒருதரம் வாயெடுத்தேன். "பௌசியா, அந்த மொனராகலைப் பயணம்..."

"கதையாம கிட. காய்ச்சக்காரிக்கு என்ன பழைய கதை?"

நான் அடங்கிவிட்டேன். என்னைப்போல் கோழை இந்த ஊரில் இல்லை.

போகும்போது ஒவ்வொரு தடவையும், செருப்பை மாட்டிக்கொண்டே, எந்த பஸ், எந்த ஊர் என்று என் காதுக்குள் சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவாள். இவளுக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்தால் என்னிடம் சொல்வாளா என்று நினைப்பேன். லெத்தீப் காக்கா பிறகும் இரண்டு தடவை வந்து விசாரித்தார். தெரியாது என்றேன்.

கெக்கிராவையிலிருந்து போன் வந்த அன்று காக்காவுக்கு நான்தான் சொன்னேன். அவளுடைய ஜனாஸா பின்னேரமே மருதமுனைக்கு வந்துவிட்டது. அடக்கிவிட்டு ஆண்கள் திரும்பியபின் காக்கா தன் வீட்டு முற்றத்துக் கதிரையில் வந்து இருந்தார். என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, ஒண்டு சொல்லணும். அண்டைக்கு வேனுக்குள்ளயே அவளிட்டச் சொல்லிட்டன், ஒன்ட கூட்டாளிதான் காட்டித் தந்த எண்டு. உங்க ரெண்டு பேரையும் பிரிச்சு உடணும் எண்டுதான் சொன்ன. அல்லாஹ் மன்னிக்கணும்."

"அவள் என்ன சொன்ன காக்கா?"

"'ஆரிட்டயாவது சொல்லிட்டுத்தானே போகணும். எனக்கு அவளத் தவிர ஆரிரிக்கா?' எண்டாள்."

ஏசியிருக்கலாமே! ஒரு சொல் ஏசியிருந்தால் நானும் அழுது, காலைப் பிடித்து, முடித்திருப்பேன். எல்லாம் தெரிந்துகொண்டே பதினைந்து வருடம் என் வீட்டில் சோறு தின்றாள், என் காதுக்குள் பஸ் பெயர் சொன்னாள். அவளை அடக்கிய நாளிலிருந்து ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை எனக்கு. தைக்க இருந்தால் எழும்புகிறேன். எழும்பினால் எங்கே போவதென்று தெரியவில்லை.

காக்கா தோள்துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டுக் கேட்டார்: "எங்கெங்க போனாள் தங்கச்சி? இத்தின வருஷம், எனக்கு ஒரு ஊர் தெரியா. உங்களுக்குத் தெரியும். சொல்லுங்களன்."

"தெரியா காக்கா" என்றேன்.

பொய். எல்லா ஊரும் தெரியும், அவள் போன வரிசையிலேயே தெரியும். இதை அவர் வாசிப்பார். வாசிக்கட்டும், வந்து ஏசட்டும். அந்த மனிசன் அழுததைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பௌசியாவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்த ஊர்ப் பெயர்கள் மட்டும்தான். ஒரு தடவை காட்டிக்கொடுத்த வாய் இது. இனி ஒருவருக்கும் திறக்காது.