உட்காருவதற்கு எந்தச் சட்டம்?

1. இன்டர்காம்

"காசிம், மேல செல்வி உக்காந்துருக்காளா?"

இன்டர்காமில் முதலாளியின் குரல். முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம்.

"இல்லியே அண்ணாச்சி" என்றேன்.

"என்னவே இல்ல? கேமராவுல நான் பாத்துக்கிட்டுதான இருக்கேன். நீரு அவளுக்கு முன்னால நின்னு மறைக்குதீரு. கொஞ்சம் தள்ளி நில்லும்."

தள்ளி நின்றேன். எனக்குப் பின்னால் சுங்குடிச் சேலைக் கட்டின் மேல் உட்கார்ந்திருந்த செல்வி, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"பாத்தாச்சு" என்றார் அண்ணாச்சி. "ரெண்டு தடவ சொல்லியாச்சு, கேக்க மாட்டேங்குதா. நாளையிலேருந்து வரண்டாம்னு சொல்லிரும்."

பிள்ளைகளே, உங்கள் வாப்பா தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேன் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே நாள் முழுக்க என்ன செய்கிறேன் என்பது தெரியாது. முதல் மாடியில் சேலை செக்‌ஷன். பார்ட்டி வந்தால் சேலையை விரிக்க வேண்டும். பார்ட்டி என்றால் வாடிக்கையாளர்; எங்கள் தொழிலில் ஒருவர் வந்தாலும் பார்ட்டி, குடும்பமே வந்தாலும் பார்ட்டி. பார்ட்டி போனதும் விரித்ததை எல்லாம் மடிக்க வேண்டும். விரிக்கவும் மடிக்கவும் இல்லாதபோது, இப்போது பார்ட்டி வரப்போகிறது என்கிற முகத்தோடு நிற்க வேண்டும். மூன்றையும் நின்றுகொண்டுதான் செய்ய வேண்டும். யாரும் எழுதி வைத்த விதி இல்லை. வேலைக்குச் சேர்ந்த அன்றே எங்களுக்குத் தெரிந்துவிடும், ஏனென்றால் கவுண்டருக்கு அந்தப் பக்கம் பார்ட்டிக்கு நாற்காலி இருக்கும், இந்தப் பக்கம் ஒன்றும் இருக்காது.

செல்வி இலஞ்சியிலிருந்து வருகிறவள். எங்கள் மாடியிலேயே நன்றாக விற்கிறவள் அவள்தான். வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள் படிக்கிறார்கள். திருப்பூருக்கு வேலைக்குப் போன புருஷன் போனதோடு சரி. அவளுக்குக் காலில் நரம்பெல்லாம் சுருண்டு நீலமாகப் புடைத்துக்கொண்டிருந்தது.

"டாக்டரு ரொம்ப நேரம் நிக்காதீங்கன்னாரு, அண்ணே" என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். "அப்ப நீங்க வந்து எனக்குப் பதிலா சேலை விரிங்க டாக்டர்னு சொல்ல வாய் வந்துச்சு. அடக்கிக்கிட்டேன்."

இன்டர்காமை வைத்துவிட்டு அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் அழவில்லை. "பெரியவளுக்கு இது பத்தாம் வகுப்பு அண்ணே" என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு அந்தச் சுங்குடிக் கட்டை இழுத்து ஓரமாக வைத்தாள், அதுதான் தப்புச் செய்தது என்பதுபோல.

2. பெரிய சட்டத்தைக் கூப்பிட்டேன்

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் எனக்குப் படிக்கட்டு கண்ணுக்குத் தெரியாது. நேராகக் கீழே கல்லாவுக்குப் போனேன்.

"அண்ணாச்சி, உக்காருதது மனுசனோட அடிப்படை உரிமை. அரசியலமைப்புச் சட்டத்துலயே இருக்கு."

இதை நான் எங்கே படித்தேன் என்று கேட்காதீர்கள். பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். எங்கள் கடையின் சாப்பாட்டு அறையில் எதற்கெடுத்தாலும் அரசியலமைப்பைத்தான் கூப்பிடுவோம். ஃபேன் ஓடவில்லை என்றால் அடிப்படை உரிமை. ஆடித் தள்ளுபடி நேரத்தில் லீவு கிடைக்கவில்லை என்றால் அடிப்படை உரிமை. நாங்கள் மட்டும் இல்லை. ஐந்தருவியில் வெள்ளம் வந்து போலீஸ் கயிறு கட்டி நிறுத்தியபோது, இடுப்பில் துண்டோடு ஒருவர் "குளிக்கிறது என்னோட அடிப்படை உரிமை சார்!" என்று சத்தம் போட்டதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். தலையில் எண்ணெய் வழிய வழியத்தான் திரும்பிப் போனார்.

அண்ணாச்சி கத்தவில்லை. சிரித்தார். அது இன்னும் மோசம்.

"எங்கன இருக்கு?"

"அதுல இருக்கும் அண்ணாச்சி."

"இருக்கா, இருக்குமாவே?"

நான் கல்லா மேல் கிடந்த பில் புத்தகத்தைப் பார்த்தேன்.

"நாட்டையே கட்டி எழுப்ப உக்காந்தவங்க, தென்காசில ஒரு கடையில ஸ்டூல் இல்லன்னா கவலப்பட்டுருப்பாங்க? கேக்குதேன், சொல்லும்."

கல்லாப் பக்கத்தில் நின்ற எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில்தான் வாசலில் குடையை மடக்கிக்கொண்டு ஒரு வக்கீல் குடும்பத்தோடு உள்ளே வந்தார். எங்கள் பழைய பார்ட்டி. மகளுக்குக் கல்யாணம், முகூர்த்தப் பட்டு எடுக்க வருவதாகச் சொல்லியிருந்தார்.

அண்ணாச்சி என் தோளில் கை போட்டார். "நல்லதாப் போச்சு. அவருகிட்டயே கேட்டுருவோம். அரசியலமைப்புல இருக்குன்னு அவரு சொல்லட்டும், செல்வி நாளைக்கும் வரட்டும். இல்லன்னு சொல்லிட்டாருன்னா அவ போவா, நீரும் வாயத் தொறக்கக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்" என்றேன். என்ன தைரியத்தில் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. செல்வியின் வேலையை வைத்து நான் பந்தயம் கட்டியிருக்கிறேன் என்பது பாதிப் படி ஏறின பிறகுதான் உறைத்தது.

3. முகூர்த்தப் பட்டுக்கு நடுவில்

அண்ணாச்சி மாடிக்கு ஏறுவது அபூர்வம். அன்று மூச்சு வாங்க ஏறி வந்து, வக்கீலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். காபி வந்தது. செல்விதான் பட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். நாளைக்கு வேலை இல்லை என்று தெரிந்தும், அரக்குப் பட்டைத் தன் தோளில் மடிப்பு எடுத்துப் போட்டு, மணப்பெண் பக்கம் திரும்பி நின்று காட்டினாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. காலை மட்டும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள்.

"வக்கீல் சார், ஒரு சந்தேகம்" என்று அண்ணாச்சி ஆரம்பித்தார். "வேலை நேரத்துல உக்காருததுக்கு அரசியலமைப்புல அடிப்படை உரிமை இருக்கா?"

வக்கீல் காபியை ஆற்றினார். "உக்காருததுக்கா? அப்படின்னு தனியா ஒண்ணும் இல்ல."

அண்ணாச்சி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"வேலை செய்யுத எடத்துல மனுசத்தன்மையான நெலம இருக்கணும்னு அரசாங்கத்துக்கு ஒரு வழிகாட்டுதல் அதுல உண்டு" என்று அவரே தொடர்ந்தார். "ஆனா அத மட்டும் கையில வச்சிக்கிட்டு நேரா கோர்ட்டுக்குப் போக முடியாது. அப்புறம், அடிப்படை உரிமைகள்ல முக்காவாசி அரசாங்கத்தப் பாத்துச் சொன்னது. தீண்டாமை கூடாதுங்குத மாதிரி சிலதுதான் எல்லாரையும் கட்டும். அண்ணாச்சி என்ன, அரசாங்கமா?"

"கேட்டீரா வே?" அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "நான் அரசாங்கம் இல்லியாம்."

"சார், அப்ப ஓட்டு?" என்று நான் கேட்டேன். தோற்றவனுக்கு எதையாவது பிடித்துக்கொள்ளத் தோன்றும் அல்லவா? "ஓட்டுப் போடுதது அடிப்படை உரிமைதான?"

"இல்ல. அது தேர்தல் சட்டம் குடுத்த உரிமைன்னுதான் கோர்ட்டு சொல்லியிருக்கு."

"ஸ்ட்ரைக்கு?"

"சங்கம் வைக்க உரிமை உண்டு. ஸ்ட்ரைக் பண்ணுதது அடிப்படை உரிமை இல்ல."

அண்ணாச்சிக்கு உற்சாகம் தாங்கவில்லை. "சொல்லுங்க சார், சொல்லுங்க. இவனுவ எல்லாம் நெனச்சிக்கிட்டு இருக்குதது ஒண்ணுமே இல்லன்னு நல்லா சொல்லுங்க."

வக்கீல் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "இவ்வளவு ஏன், சொத்து வச்சிக்கிடுததே அடிப்படை உரிமை இல்லியே அண்ணாச்சி."

அண்ணாச்சியின் சிரிப்பு அப்படியே நின்றது.

"என்ன சொல்லுதிய?"

"ஒரு காலத்துல இருந்துச்சு. அப்புறம் அந்தப் பட்டியல்லேருந்து எடுத்துட்டாங்க. இப்ப அரசியலமைப்புல வேற ஒரு எடத்துல இருக்கு. சட்டப்படி இல்லாம ஒருத்தர் சொத்தப் பறிக்கக் கூடாதுன்னு இருக்கு. அவ்வளவுதான்."

"அப்ப இந்தக் கடை?" அண்ணாச்சி மாடியைச் சுற்றிலும் பார்த்தார். சேலை அலமாரிகளை எல்லாம் யாரோ தூக்கிக்கொண்டு போக வந்த மாதிரி பார்த்தார். "எங்க அப்பா கட்டுனது சார் இது! இதுக்கு யாரு காவல்?"

"பதறாதிய. சாதாரணச் சட்டங்க எத்தன இருக்கு? பத்திரச் சட்டம், வாடகைச் சட்டம், திருட்டுக்குத் தண்டன குடுக்குத சட்டம். அதெல்லாம்தான் உங்க கடையக் காப்பாத்துது. எல்லாத்துக்கும் அரசியலமைப்பே எறங்கி வரணும்னு இல்ல."

அண்ணாச்சி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

4. செல்வி கேட்டது

தோளில் பட்டோடு நின்றுகொண்டிருந்த செல்வி, அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"சார், கொஞ்சம் உக்காந்ததுக்கே என்னைய நாளையிலேருந்து வரண்டாம்னுட்டாங்க. அண்ணாச்சி கடைக்கு இருக்குத மாதிரி, எங்க காலுக்கும் ஏதாவது சாதாரணச் சட்டம் இருக்கா?"

வக்கீல் அவளைப் பார்த்தார். பிறகு அண்ணாச்சியைப் பார்த்தார். பழைய பழக்கம், மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கிற கடை. கொஞ்சம் தயங்கினார் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் சொல்லிவிட்டார்.

"இருக்கும்மா. நம்ம தமிழ்நாட்டுல கடைகள் நிறுவனங்கள் சட்டம்னு ஒண்ணு உண்டு. சில வருசத்துக்கு முந்திதான் அதுல சேத்தாங்க. கடையில வேலை பாக்குத எல்லாருக்கும் உக்கார எடம் போட்டுக் குடுக்கணும். வேலைக்கு நடுவுல நேரம் கெடைக்கும்போது அவங்க உக்காந்துக்கிடலாம்."

செல்வி தோளிலிருந்த அரக்குப் பட்டைக் கவுண்டரில் இன்னொரு பட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். வெளியே சாரல் ஜன்னல் கண்ணாடியில் விழுந்துகொண்டிருந்தது.

"இன்னொண்ணும் இருக்கு" என்றார் வக்கீல். "ஆறு மாசத்துக்கு மேல தொடர்ந்து வேலை பாத்தவங்கள, தகுந்த காரணம் இல்லாம, நோட்டீஸ் குடுக்காம நாளைக்கு வராதன்னு சொல்ல முடியாது. அதுவும் அதே சட்டந்தான். நீ எவ்வளவு நாளா இங்கன இருக்க?"

"சின்னவ பொறக்கதுக்கு முந்திலேருந்து சார்."

"அண்ணாச்சி, வக்கீலுக்கு ஃபீஸ் கெடையாதுன்னு நெனைக்காதிய" என்றார் வக்கீலின் மனைவி, இரண்டு பட்டையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே. "இந்த அரக்குல நல்லா கொறச்சுப் போடணும்."

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். "ஏன் சார், இத மொதல்லயே சொல்லிருக்கலாம்லா?"

"அரசியலமைப்புல இருக்கான்னுதான கேட்டிய? கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லி எனக்குப் பழக்கமாப் போச்சு. இந்தப் பொண்ணுதான் சரியாக் கேட்டுச்சு."

அண்ணாச்சி எழுந்தார். அவர் கெட்ட மனுஷர் இல்லை பிள்ளைகளே. அவரும் சின்ன வயதில் இதே கவுண்டருக்குப் பின்னால் நின்றவர்தான். நின்றே பழகியவருக்கு, அடுத்தவர் உட்கார்ந்தால் சோம்பலாகத் தெரிகிறது. படிக்கட்டு வரை போனவர் திரும்பினார்.

"செல்வி, நாளைக்கு நேரத்துக்கு வந்துரணும், என்னா?"

"வாரேன் அண்ணாச்சி."

"காசிம், பந்தயத்துல நான்தாவே ஜெயிச்சேன். அரசியலமைப்புல இல்லன்னு சொல்லிட்டாருல்லா? அத மறந்துராதயும்."

"மறக்க மாட்டேன் அண்ணாச்சி" என்றேன். இப்போது உங்களுக்காக எழுதியும் வைத்துவிட்டேன்.

5. ஸ்டூல் வந்த பிறகு

ஸ்டூல்கள் வந்தன. கவுண்டருக்கு இந்தப் பக்கம் வரிசையாகப் போட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், முதல் சில நாள் ஒருவரும் உட்காரவில்லை. பார்ட்டியோடு வருகிற பிள்ளைகள்தான் ஏறிச் சுற்றினார்கள். எனக்கே கூசியது. உட்காரப் போவேன், படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்கும், எழுந்துவிடுவேன். சட்டம் வந்துவிட்டது, முழங்காலுக்குத்தான் இன்னும் தகவல் போகவில்லை.

செல்விதான் முதலில் உட்கார்ந்தாள். அன்றும் நல்ல சாரல். வாசுதேவநல்லூரிலிருந்து ஒரு அம்மா, குற்றாலத்தில் குளித்த ஈரக் கொண்டையோடு மாடிக்கு ஏறி வந்தார். செல்வி பதறி எழப் போனாள்.

"எதுக்குத் தாயி எந்திக்க?" என்றார் அந்த அம்மா, எதிர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு. "நானும் உக்காந்துதானே பாக்கப் போறேன். அந்தப் பச்சைய எடு."

செல்வி என்னைப் பார்த்தாள். நான் மேலே இருந்த கேமராவைப் பார்த்தேன். இன்டர்காம் அடிக்கவில்லை. அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டிப் பச்சைச் சேலையை எடுத்து, விரித்துக் காட்டினாள். அந்த அம்மா பச்சையோடு நிற்காமல் மருமகளுக்கும் ஒன்று எடுத்தார்.

இதில் நான் கற்றுக்கொண்டதைச் சொல்லி முடிக்கிறேன். உங்கள் பாடப் புத்தகத்தில் அடிப்படை உரிமைகள் வரும். மனப்பாடம் செய்யுங்கள், நல்லதுதான். ஆனால் நமக்கு வேண்டியது எல்லாம் அதில் இருக்கும் என்று என்னைப்போல மார்தட்டிக்கொண்டு போய் நிற்காதீர்கள். அதில் இல்லை என்று யாராவது சொன்னால், கதை முடிந்தது என்று திரும்பியும் வந்துவிடாதீர்கள். வேறு எங்கே இருக்கிறது, யாரைக் கட்டுப்படுத்துகிறது என்று கேளுங்கள். இன்னொன்று, சாதாரணச் சட்டத்தை மாற்றுவது அரசியலமைப்பை மாற்றுவதைவிடச் சுலபம். உட்காருகிற சட்டமும் யாரோ கேட்டுக் கேட்டு வாங்கித் தந்ததுதான். யாரும் கேட்காமல் போனால் ஸ்டூல் மறுபடி குடோனுக்குப் போய்விடும்.

அன்று நான் தோற்றுப்போய்த் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றபோது, செல்வி வலிக்கிற காலோடு இன்னும் ஒரு கேள்வி கேட்டாள். அவள் பெரிய மகள் பத்தாம் வகுப்பு முடித்து இப்போது பதினொன்றாம் வகுப்புக்குப் போகிறாள்.