பதினைந்தாவது ஸ்தலம்

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு பெரிய வெள்ளிக்கிழமை காலை. பொம்மிடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர்க் குன்றின் பாதி வழியில், ஊரே பார்க்க, நான் ஒரு பாறைமேல் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். என் தோளில் இருந்த சிலுவையை ஆண்கள் ஓடிவந்து பிடித்துக்கொண்டார்கள். இல்லாவிட்டால் அது என் கால்மேலேயே விழுந்திருக்கும்.

கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். நாங்கள் கத்தோலிக்கர்கள். எங்கள் ஊரில் பெரிய வெள்ளியன்று வேப்பமரத்தில் செய்த பெரிய சிலுவை ஒன்றைக் குன்றின் உச்சிவரை சுமந்துகொண்டு போவோம். இயேசு பட்ட பாடுகளை நினைத்து நின்று ஜெபிக்க வழியில் பதினாலு இடங்கள் உண்டு. அவற்றை ஸ்தலங்கள் என்போம். ஒவ்வொரு ஸ்தலத்திலும் தூக்குகிற ஆள் மாறும். எட்டாம் ஸ்தலம், எருசலேம் பெண்கள் அவருக்காக அழுத இடம். அதனால் எட்டிலிருந்து ஒன்பதுவரை பெண்கள்தான் தூக்க வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். யார் ஏற்படுத்திய வழக்கமோ தெரியாது, குன்றிலேயே செங்குத்தான இடத்தைப் பார்த்துப் பெண்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். முன்னால் ஒருத்தி தோள் கொடுப்பாள், பின்னால் இரண்டு பேர் அடிப்பாகத்தைத் தாங்குவார்கள்.

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து பதினெட்டு வருடம் கழித்து அந்த வருடம்தான் முன்தோள் எனக்குக் கிடைத்தது. எத்தனை ஆசையோடு போனேன் தெரியுமா? ஆனால் எனக்குப் பள்ளிக்கூட அலுவலகத்தில் நாள் பூராவும் உட்கார்ந்து பார்க்கிற வேலை. எடை எண்பத்திரண்டு கிலோ. பதினைந்து அடி நடந்திருப்பேன், நெஞ்சு அடைத்துக்கொண்டு வந்தது. முட்டி நடுங்கியது. உட்கார்ந்துவிட்டேன்.

என் கணவருக்குச் சித்தப்பா முறை ஒருவர். நான் மாமா என்று கூப்பிடுவேன். கோயில் கமிட்டியில் இருக்கிறார், எந்த ஸ்தலத்தில் யார் தூக்குவது என்று லிஸ்ட் எழுதுவது அவர்தான். மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து அவர் சொன்னார்: “ஏம்மா, ஸ்தலம் பதினாலுதான். நீ புதுசா பதினஞ்சாவது ஒண்ணு சேத்துட்டியே!”

சிரித்தார்கள் பாருங்கள், ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தார்கள். பெரிய வெள்ளி, துக்க நாள், எல்லாம் பறந்துபோயிற்று. என் கணவரும் சிரித்தார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அதன் பிறகு ஊரில் யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் “பதினஞ்சாவது ஸ்தலம் வருதுடோய்” என்று ஒரு குரல் கேட்கும். நானும் சிரித்துவைப்பேன். உள்ளே எரியும். அடுத்த வருடம் அதே சிலுவையை அதே இடத்தில் தூக்கி ஒன்பதாம் ஸ்தலத்தில் கொண்டுபோய் வைக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஜிம்முக்குப் போவதென்றால் தருமபுரிக்குத்தான் போக வேண்டும். அதற்கு நேரம் ஏது? கல்லூரி விடுதியில் இருக்கும் என் மகள் ஒரு வீடியோ பயிற்சியை போனில் அனுப்பினாள். வீட்டிலேயே செய்யலாம், நாற்பது நாள், தினம் நாற்பது நிமிடம். திறந்து பார்த்தேன். கட்டுமஸ்தான ஒரு ஆள் குதித்துக்கொண்டே இங்கிலீஷில் கத்துகிறான். குதி, உட்கார், எழுந்திரு, தரையில் விழு, மறுபடி எழுந்திரு. விழுந்து எழுகிற அந்த ஒன்றுக்கு பர்பி என்று பெயராம். நமக்கு மூச்சு நின்றுபோகும் நேரம் பார்த்து “ஒன் மோர்! ஒன் மோர்!” என்பான். சண்டாளன்.

நாற்பது நாள் என்றதும் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. ஈஸ்டருக்கு முந்தி நோன்பிருக்கும் எங்கள் தவக்காலமும் நாற்பது நாள்தானே? அது தொடங்குகிற சாம்பல் புதனன்று ஆரம்பித்தால், நடுவில் மூன்று நாலு நாள் லீவு விட்டாலும் பெரிய வெள்ளிக்குள் முடிந்துவிடும். ஆகா, ஆண்டவரே கணக்குப் போட்டுக் கொடுத்ததுபோல இருந்தது.

அங்கேதான் கோட்டை விட்டேன். தவக்காலம் பூராவும் ஒருசந்தி இருப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம். ஒருசந்தி என்றால் ஒரு நாளைக்கு ஒரே வேளைச் சாப்பாடு. கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. மத்தியானம் கொஞ்சம் சோறும் ரசமும், அவ்வளவுதான். பயிற்சியும் தவம், பட்டினியும் தவம், இரண்டும் சேர்ந்தால் பலன் இரட்டிப்பு என்று நான் பாட்டுக்கு நினைத்துக்கொண்டேன். என்னைப்போல ஒரு புத்திசாலி உண்டா!

நாங்கள் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். கீழே வீட்டுக்கார அக்கா. நிலம், மாடு எல்லாம் வைத்து விவசாயம் பார்க்கிற இந்துக் குடும்பம். முதல் நாள் நான் குதித்த குதியில் அந்த அக்கா படியேறி வந்துவிட்டார்கள்.

“ஏம்மா, மேல என்னத்த இடிக்கற? வூட்டு சீலிங்குல இருந்து சுண்ணாம்பு எங்க காபியில கொட்டுதும்மா!”

நெளிந்துகொண்டே விஷயத்தைச் சொன்னேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, “பின்னாடி களம் சும்மாதான கெடக்குது, அங்க வந்து குதி” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதிலிருந்து விடிகிற நேரத்தில் கேழ்வரகு அடிக்கிற அந்தக் களத்தில், செங்கல்லில் போனைச் சாய்த்துவைத்து, சுடிதாரோடு குதிக்க ஆரம்பித்தேன். பால் ஊற்றப் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்ப்பார்கள். ஒருவர் என் கணவரிடம் போய், “உங்க வூட்டம்மாவுக்கு எதாச்சும் பேய் கீய் புடிச்சிருச்சா?” என்றே கேட்டுவிட்டார். இவர் என்னிடம் வந்து, “இந்த வயசுல நமக்கு இதெல்லாம் தேவையா?” என்றார். “போன வருஷம் சிரிச்சீங்க இல்ல, அதுக்குத் தேவை” என்றேன்.

பதினேழாவது நாள். பர்பி போட்டுக்கொண்டிருந்தேன். விழுந்தேன், எழவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. கண்ணைத் திறந்தபோது வீட்டுக்கார அக்காவின் மடியில் தலை, முகமெல்லாம் தண்ணீர். போனில் அந்த ஆள் இன்னும் “ஒன் மோர்” என்று கத்திக்கொண்டிருந்தான்.

கடைசியாக எப்போது சாப்பிட்டாய் என்று அக்கா கேட்டார்கள். நேற்று மத்தியானம் என்றேன். காரணத்தையும் சொன்னேன். அவர்களுக்கு வந்ததே கோபம்!

“ஏர்ல பூட்டற மாட்டுக்குத் தீனி போடாம யாராச்சும் பூட்டுவாங்களாம்மா? மாட்டுக்குச் செய்யாத பாவத்த உன் ஒடம்புக்கு நீயே செய்யற. நோம்பு இரு, வேணாங்கல. இல்ல, குதி. ரெண்டையும் ஒண்ணா பண்ணா சாமி வந்து தூக்காது, ஆம்புலன்ஸ்தான் வந்து தூக்கும்!”

களியை உருட்டிக் கையில் கொடுத்து, நான் விழுங்குகிறவரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகை வந்தது. பொம்மிடியில் டாக்டரிடம் போனேன், அவரும் அதையேதான் வேறு மாதிரி திட்டினார்.

அன்று முழுக்க யோசித்தேன். பயிற்சியை விட்டுவிடலாம், ஒருசந்தியைத் தொடரலாம். எல்லாரும் மெச்சிக்கொள்வார்கள். ஆனால் என்னால் ஏற முடியாமல்போன அந்த ஏற்றம்? எங்கள் பங்குச் சாமியாரிடம் போய் நேராகவே சொன்னேன்: “ஃபாதர், நான் சாப்பிடப் போறேன்.” அவர் சிரித்துவிட்டு, “தாராளமா சாப்பிடுங்க. வேற எதையாவது விடுங்க” என்றார். நான் தினமும் ராத்திரி பார்க்கிற சீரியலை விட்டேன். ஒன்றரை வருடமாகத் தள்ளிப்போய்க்கொண்டிருந்த கதாநாயகி கல்யாணம் அந்த வாரம்தான் நடந்தது. சோற்றை விடுவதைவிட அது கஷ்டமாக இருந்தது, சத்தியமாகச் சொல்கிறேன்.

தினமும் இரண்டு முட்டை, களி, பயறு என்று சாப்பிட்டேன். ஒரு வாரம் ஓய்வு எடுத்து, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன். நாற்பது நாள் முடியாது என்று தெரியும். போகட்டும், முடிந்தவரை செய்வோம் என்று குதித்தேன். எப்போது சேர்ந்தார்கள் என்றே தெரியவில்லை, வீட்டுக்கார அக்காவும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்தில் நின்று கையைக் காலை ஆட்ட ஆரம்பித்திருந்தார்கள்.

முட்டை சமாச்சாரம் ஊருக்குள் போய்விட்டது. தவக்காலத்தில் முட்டை தின்கிறவள் சிலுவையைத் தொடலாமா என்று கோயிலுக்கு வருகிற பெண்களே பேசினார்கள். களத்தில் மயங்கி விழுந்தவள் குன்றில் விழமாட்டாளா என்று ஆண்கள் பேசினார்கள். பட்டினி கிடந்தபோது தெம்பில்லை என்றார்கள், சாப்பிட்டபோது பக்தியில்லை என்றார்கள். மறுபடியும் முன்தோளுக்கென்று நான் கொடுத்திருந்த பெயரை மாமா லிஸ்டில் அடித்துவிட்டார்.

பெரிய வெள்ளிக்கு இரண்டு நாள் முன்பு அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பம் ஒன்று இருந்தது. “மாமா, ஒரு நிமிஷம் இருங்க” என்று சொல்லி அதைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு அவர் வீட்டை மூன்று சுற்றுச் சுற்றினேன். வேகமாகத்தான். அவர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். இறக்கி வைத்துவிட்டு, “இப்ப சொல்லுங்க” என்றேன்.

“தூக்கறது பெருசில்லம்மா. நோம்ப ஒடச்சிட்டியே?” என்றார்.

“எருசலேம் பொம்பளைங்க அன்னிக்குக் காலையில சாப்பிட்டாங்களா இல்லையான்னு யாராச்சும் கேட்டாங்களாங்க மாமா?”

உள்ளேயிருந்து அத்தை சிரித்த சத்தம் கேட்டது. “எழுதிக் குடுத்துருங்க. இல்லாட்டி உங்களையும் தூக்கிட்டுச் சுத்துவா போலருக்குது” என்றார்கள். மாமா பேனாவை எடுத்தார். எழுதிவிட்டு, “உழுந்தா நான் பொறுப்பில்ல” என்றார். “உழுந்தா எந்திரிச்சிக்கறேங்க” என்றேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான்.

பெரிய வெள்ளியன்று ஒருசந்திதான் இருந்தேன். எப்போதும் மத்தியானம் சாப்பிடுகிற அந்த ஒரு வேளையை விடியற்காலைக்கு மாற்றிக்கொண்டேன்.

எட்டாம் ஸ்தலத்தில் சிலுவை என் தோளுக்கு வந்தது. கனம் கொஞ்சமும் குறையவில்லை, ஆனால் முட்டி நடுங்கவில்லை. போன வருடம் உட்கார்ந்த பாறையைத் தாண்டினேன். அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்னும் பத்தடி இருக்கும். வெறுங்காலுக்கடியில் சரளைக்கல் சரிந்தது. வலது முழங்கால் பாறையில் அடித்தது, ஒரு கை தரையில் ஊன்றியது, சிலுவை கழுத்தை அழுத்தியது. பின்னால் இருந்த பெண்கள் “ஐயோ அக்கா!” என்று அலறினார்கள். “புடிங்கடா, புடிங்கடா” என்று மாமாவின் குரல். முதலில் ஓடிவந்தது என் கணவர்தான்.

“யாரும் கை வெக்காதீங்க!” என்று கத்தினேன். எனக்கே அது யார் குரலோ என்று இருந்தது.

கை தரையில் இருக்கிறது, கால் மடங்கி இருக்கிறது. இந்த நிலையில் நான் எத்தனை நூறு தடவை இருந்திருக்கிறேன்! அந்தச் சண்டாளன் காதுக்குள் “ஒன் மோர்” என்றான். காலை உள்ளே இழுத்தேன், உள்ளங்கையால் தரையைத் தள்ளினேன், எழுந்தேன். சிலுவை தோளில்தான் இருந்தது. என் கணவர் நீட்டிய கையோடு அப்படியே நின்றார். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை, கண் கலங்கியிருந்தது.

ஒன்பதாம் ஸ்தலத்தில் கொண்டுபோய் வைத்தேன். இயேசு மூன்றாம் முறை கீழே விழுகிறார் என்று ஃபாதர் வாசித்தார். எல்லாரும் என் முழங்காலைப் பார்த்தார்கள், ரத்தம் கணுக்கால்வரை வழிந்திருந்தது. ஜெபம் முடிந்ததும் மாமாவின் பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னேன்: “பதினஞ்சாவது ஸ்தலத்தைத் தாண்டியாச்சுங்க மாமா.” அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் கையில் கொடுத்தார். வெள்ளைத் துண்டு. துடைத்தால் கறைபடும் என்று தெரிந்தும் கொடுத்தார். நானும் நன்றாகவே துடைத்தேன்.

நான் ஒல்லியாகிவிடவில்லை. நாலு கிலோ குறைந்தது, அதில் இரண்டு திரும்பி வந்துவிட்டது. களத்தில் குதிப்பதை மட்டும் இன்றுவரை நிறுத்தவில்லை. வீட்டுக்கார அக்கா போன மாதம் தீர்த்தமலைக்குப் போய், வழியில் எங்கும் உட்காராமல் ஏறிவிட்டு வந்து, அந்தப் பெருமையை இரண்டு நாள் பேசினார்கள். லிஸ்டில் முன்தோள் இப்போது கேட்காமலே எனக்கு வருகிறது.

என் முழங்காலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. உன்னால் ஆகாது என்று யாராவது சொல்லும்போதெல்லாம் அதைப் புடவைக்கு மேலாகவே ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொள்வேன், விழுந்த இடத்திலிருந்து யார் கையும் படாமல் நான் எழுந்தது அங்கே எழுதியிருக்கிறது.