துவக்கு நிரப்பும்போது கதைப்பதில்லை

மனைவி இறந்த பிறகு மோர்னிங்சைட் வீட்டில் சத்தம் போடுவது பிரிட்ஜ் மட்டும்தான். மகன் பிறம்ரனில் லொறி ஓட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பான். குழாயின் வாய்வழியாக வெடிமருந்தும் குண்டும் போட்டு இடிக்கிற பழைய மாதிரித் துவக்கு ஒன்று வாங்கி, சுடுகளத்தில் சேர்ந்துவிட்டேன் என்றதும் அவனுக்குக் கோபம்.

“அப்பா, உந்த விசர் வேலையை விட்டிட்டு றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போங்கோ. அங்கையெண்டாலும் நாலு சனம் இருக்கும்.”

அந்த நாலு சனமும் மனைவியைப் பற்றி என்ன கேட்கும் என்று எனக்குத் தெரியும். என்னைத் தெரியாத நாலு பேர்தான் எனக்கு வேண்டியிருந்தது.

களத்தில் எட்டுப் பத்து வெள்ளைக்காரக் கிழவர்கள் வருவார்கள். ஏழு மாதமாக ஒரு தலையாட்டலுக்கு மேல் ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை. என் நிறம் பிடிக்கவில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நானும் ரோஷக்காரன். தலையை நிமிர்த்தாமல் என் வேலையைப் பார்த்தேன்.

வேலை என்றால், துணி தேடுவதுதான். ஈயக் குண்டைச் சின்னத் துணித் துண்டில் வைத்துத்தான் குழாய்க்குள் இறக்க வேண்டும். துணி தடித்தால் இடிக்கிற தடி இறங்காது. மெலிந்தால் எரிந்து கந்தலாகும், குண்டும் கண்டபடி போகும். பழைய வேட்டியைக் கிழித்து, நல்லெண்ணெய் பூசிப் பார்த்தேன். எள்ளுருண்டை கருகிய மணம்தான் மிச்சம். ஒரு வெடிக்குக் கால் மணிநேரம் துணி தெரிந்தெடுப்பேன்.

பக்கத்து மேசைக்காரர் சுட்டபின் அவருடைய துணிகள் எரியாமல் புல்லில் முழுசாகக் கிடக்கும். ஒருநாள் பொறுக்க முடியவில்லை. அவர் மருந்தை அளந்து கையில் எடுத்த நேரம், அது என்ன துணி என்று கேட்டுவிட்டேன். அளவையை மேசையில் வைத்துவிட்டு, படுக்கை விரிப்பு, கஞ்சி போகக் கழுவியது என்றார். பிறகு துணியை வைத்து, குண்டை வைத்து, இடித்தார். விசையை அழுத்தியபோது ‘டிக்’ என்றது. அவ்வளவுதான். மருந்து மேசையிலேயே இருந்தது.

அவர் தடியின் நுனியில் திருகாணி பூட்டிக் குண்டை வெளியே இழுத்து முடிக்கும்வரை, களவெடுத்துப் பிடிபட்டவன்போல நின்றேன்.

அவர் கோபிக்கவில்லை. துவக்கு நிரப்புகிறவரோடு ஒருவரும் கதைப்பதில்லை, கதைத்தால் இப்படித்தான் என்றார். நிரப்பாதபோது களத்தோர மர வாங்கில் கோப்பியோடு குந்தியிருந்து கதைப்பார்களாம். நான் எந்நேரமும் நிரப்பிக்கொண்டே இருந்ததால், குழப்பக் கூடாது என்று எல்லாரும் ஏழு மாதமாகப் பொறுத்திருந்தார்களாம்.

நான் துவக்கைத் தாங்கியில் வைத்துவிட்டு அவரிடம் துணியின் தடிப்பைக் கேட்டேன். சொன்னார். அவர் கை மருந்துப் பக்கம் போனது. என்ன கொழுப்புப் பூசுகிறீர்கள் என்று கேட்டேன். அதையும் சொன்னார். கை மறுபடி போனது. விரிப்பு எந்தக் கடையில் என்றேன். சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, மருந்தை அளக்கத் தொடங்கினார்.

மனைவி இறந்ததை அவருக்கு இன்னும் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.