ஓடுகிறவனுக்குத் தண்ணீர்

பேரனின் பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயம். ஒவ்வொரு சுற்றிலும் டிரில் மாஸ்டரே எதிரே போய்ப் பிள்ளைகளுக்குத் தம்ளரில் தண்ணீர் நீட்டினார். அதற்குப் பிறகு யார் முந்தினார்கள் என்று நான் பார்க்கவில்லை.

இரண்டாவது ஜெர்மன் சண்டைக்கு முந்தின வருஷம். எனக்கு ஒன்பது வயது. பெரியண்ணன் மதராசில் தேகப்பயிற்சி வாத்தியாருக்குப் படித்துவிட்டு, பாடத்தையெல்லாம் தடித்த நோட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தான். அதை வைத்துச் சின்னண்ணனை ஜில்லாப் பந்தயத்துக்குப் பழக்கினான். ஓடும்போது தண்ணீர் குடித்தால் நெஞ்சடைக்கும் என்று அந்த நோட்டில் இருந்தது.

ஒருநாள் பழக்க ஓட்டம்; பாளையங்கோட்டை வெட்டவெளியில் சித்திரை வெயில், நாங்கள் மூன்று பேர்தான். ஓடி முடித்த பிறகு கொடுக்கச் சொல்லி அம்மா தந்த ஆற்றுத் தண்ணீர் என் கையில், சொம்பு நிறைய. ஆறாவது சுற்றில் சின்னண்ணன் என் முன்னால் நின்றான். உதட்டில் உப்புப் பூத்திருந்தது.

"ஒரு மடக்கு தாட்டி."

"கொடுத்துராதட்டி," என்றான் பெரியண்ணன். "அவன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன்."

இன்னொரு தடவை கேட்டால் கொடுத்துவிடுவேனோ என்று பயந்து, தண்ணீரைச் சின்னண்ணன் கண்ணெதிரே தரையில் கொட்டினேன். அவன் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஓடினான். அடுத்த சுற்றில் விழுந்தான். மூன்றாம் நாள் ஜன்னியில் போய்விட்டான்.

ஊரெல்லாம் பெரியண்ணனைத்தான் ஏசியது. சொம்பு யார் கையில் இருந்தது என்று அவன் சாகும்வரை யாரிடமும் சொல்லவில்லை.

பேரன் ஓடி வந்து தம்ளரை என்னிடம் கொடுத்தான்.

"மிச்சத்தைக் கீழ ஊத்திருங்க, ஆச்சி."

ஊற்ற எனக்குக் கை வரவில்லை.