காட்டு வாசலில் கட்டிய கொப்பு

ஆபிரிக்காவில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தவனிடம் எங்கள் ஊரில் கேட்பது ஒரே கேள்விதான். சிங்கம் பார்த்தாயா? திருகோணமலை பஸ் ஸ்டாண்டில் கேட்டார்கள், சலூனில் கேட்டார்கள், தொலைந்துபோன அடையாள அட்டைக்கு எழுதிக் கொடுக்கப் போன இடத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவரும் கேட்டார். இல்லை என்றால் முகம் சுருங்கிவிடுகிறது. களைத்துப்போய்ச் சில இடங்களில் ஓம் என்று சொல்லியிருக்கிறேன்.

நான் இரண்டு வருடமும் பார்த்தது குழாய். உகண்டாவின் மேற்கில், மலையாறு ஒன்றிலிருந்து மின்சாரம் எடுக்கும் சிறிய வேலைத்தளம் அது. இலங்கைக் கம்பனி. தண்ணீரை மேலேயிருந்து கீழே கொண்டுவரும் இரும்புக் குழாய்களை ஒட்டுவது என் வேலை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, விறகு வெட்டி, லொறியில் போய், கட்டாரில் ஒருவர் செய்வதைப் பார்த்து வெல்டிங் பழகியவன் நான். சேர்ட்டிபிக்கற் கிடையாது. சரிவில் கயிற்றில் தொங்கிக்கொண்டு ஒட்டுவதற்குச் சேர்ட்டிபிக்கற் உள்ளவர்கள் வரமாட்டார்கள் என்பதால் என்னை எடுத்தார்கள்.

காட்டைப் பார்த்தது ஒரு காலையில் ஒன்றரை மணித்தியாலம். அதற்கும் நான் ஆசைப்படவில்லை.

ஒப்பந்தம் முடிந்து போகிறவர்களை ஒரு நாள் எங்காவது கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு அனுப்புவது அந்தக் கம்பனியின் வழக்கம். எங்கள் முறை வந்தபோது பக்கத்திலிருந்த மழைக்காட்டுச் சரணாலயம் என்று முடிவாயிற்று. நானும் கிரேன் ஓட்டும் நானாவும். அவர் கிண்ணியா முஸ்லிம், ஐம்பது தாண்டியவர். தளத்தில் சிங்களவர்கள்கூட அவரை நானா என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு அந்த மாதம் இரண்டு தரம் மலேரியா வந்து போயிருந்தது. ஒரு முழு நாள் படுக்க விட்டால் போதும் என்றிருந்தேன்.

"நாளண்டைக்கு பிளேன்ல கிடந்து படு தம்பி. வா. நான் தனியப் போய் கொரங்குகளோட என்ன பாஷையில கதைக்கிற?"

"நீங்கள் கதைக்கிற இங்கிலீசு அதுகளுக்கு விளங்கும், நானா."

"ஒன்ட இங்கிலீசு மரத்துக்கும் விளங்காது. எழும்பு."

விடிய முன்னமே அங்கே நின்றோம். பலகையால் அடித்த ஒரு அலுவலகம், வெளியே ஆட்கள் இருக்க நீளமான வாங்கு. எங்களோடு வயதான வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று. கழுத்தில் தொங்கிய தொலைநோக்கி அந்த அம்மாவின் தலையளவு இருந்தது. காவலர்களின் தலைவர் வந்து, எங்களை அழைத்துப்போகும் பெண்ணைக் காட்டினார். இருபத்தைந்து வயது இருக்கலாம். ஆறு மாதத் தவணையில் வேலை பழகுகிறாள், இது கடைசி வாரம், திரும்பி வந்ததும் அவளைப் பற்றி ஒரு படிவம் நிரப்பித் தரவேண்டும், அதை வைத்துத்தான் நிரந்தரமாக்குவது என்றார். அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நேரே பார்த்தபடி நின்றாள். சட்டையில் மடிப்புக் குலையாமல் இஸ்திரி போட்டிருந்தாள். றப்பர் சப்பாத்துக்கூடத் துடைத்திருந்தது.

எதைப் பார்க்கப் போகிறோம் என்று ஒரு படத்தை விரித்தாள். நானா எட்டிப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார்.

"டேய், இது நம்மட ஆறுமணிக்குருவியெல்லா!"

அதே குடும்பம்தான். மாரி தொடங்க எங்கள் பக்கம் வந்துவிடும், காலையும் பின்னேரமும் ஆறு மணிக்குக் கத்தும், வளவுக்குள் இலையைக் கிளறிக்கொண்டு திரியும் அந்தக் கட்டைவால் குருவி. இங்குள்ளதற்கு நெஞ்சு பச்சை. விடியும் நேரத்தில் தாழ்ந்த கொப்பில் நின்று துள்ளி இறகடிக்குமாம். அது கொஞ்ச நேரம்தான். வெளிச்சம் ஏறிவிட்டால் நிலத்தில் இறங்கிவிடும், பிறகு கண்டுபிடிக்க ஏலாது. அந்த வெள்ளைக்கார அம்மா இதற்காக மூன்றாம் முறையாக வந்திருக்கிறார் என்று நானா கேட்டு வந்து சொன்னார்.

பிறகு விதிகளைச் சொன்னாள். விளங்காத இங்கிலீசுக்குத் தலையாட்டி எனக்குப் பழக்கம், ஆட்டிக்கொண்டிருந்தேன். முழுப் பேச்சிலும் எனக்குத் தெளிவாகப் பிடிபட்ட சொல் ஒன்று: யானை. காட்டுக்குள் யானை உண்டு.

மற்றவர்கள் சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தபோது நான் ஒதுங்கப் போனேன். திரும்பி வரும் வழியில், பாதை காட்டுக்குள் நுழைகிற இடத்தில், ஒரு சிறு மரத்திலிருந்து இலையோடு கொப்பு ஒன்றை முறித்தேன். இடுப்பளவு உயரத்தில் இருந்த கவட்டில் அதை வைத்து, கொடியால் ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டினேன். பிள்ளையாரே என்று சொல்லி நெற்றியில் குட்டிக்கொண்டேன். யோசித்துச் செய்ததல்ல. ஊரில் குச்சவெளிக்கு அங்கால் விறகுக்கும் தேனுக்கும் போன காலத்தில் ஒரு நாளும் கொப்பு வைக்காமல் நான் காட்டுக்குள் கால் வைத்ததில்லை. அங்கே சிலை ஒன்றும் இருக்காது. போகிறவர்கள் வைத்த கொப்புகள் காய்ந்து குவிந்து கிடக்கும், அதுதான் இடம். யானை எதிர்ப்படக்கூடாது என்பதுதான் வேண்டுதல். மாடு தேடி வருகிற கிண்ணியா ஆட்களும் ஆளுக்கொரு கொப்பு வைத்துவிட்டுத்தான் போவார்கள். அவர்கள் யார் பெயரைச் சொல்வார்கள் என்று நான் கேட்டதில்லை.

நான் கட்டியதை எங்கள் கூட்டத்தில் யாரும் காணவில்லை.

காடு ஈரமாக இருந்தது. எங்கள் காட்டில் முள்ளும் வெக்கையும், இதில் எல்லாம் சொதசொதவென்று. மரங்களின் உச்சி தெரியவில்லை. காய்ச்சல் விட்டுப்போன கால்கள் நடுங்கின. சேற்றிலிருந்து ஒவ்வொரு சப்பாத்தையும் தனித்தனியாகப் பிடுங்கி வைக்கவேண்டியிருந்தது. மேலே ஏதோ பெரிதாக அசைந்து பழக்கோது ஒன்று நானாவின் தோளில் விழுந்தது. சிம்பன்சி என்று அவள் கையால் காட்டினாள். நான் அண்ணாந்து பார்த்தேன். கறுப்பாக ஒரு முதுகு, ஒரு கை. அவ்வளவுதான்.

அரை மணித்தியாலம் போயிருக்கும். அவள் சட்டென்று நின்று கையை உயர்த்தினாள். இடது பக்கம், கிட்டத்தில், ப்ர்ர் என்று ஒரு சத்தம். நிறுத்தி, மறுபடியும் ப்ர்ர். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அதுதான் குருவி.

அதே நேரம் அவளுடைய வோக்கிடோக்கி இரைந்தது. அவள் பதறி அதைக் காதோடு அமர்த்தினாள். தலைவரின் குரல் எங்களுக்கும் கேட்டது. அவள் இரண்டு தரம் இல்லை என்றாள். பிறகு ஒரு தரம், மெதுவாக, "அவன் ஊரிலேயே இல்லை சேர்" என்றாள். வோக்கியை இடுப்பில் செருகக் கைக்கு இடம் பிடிபடவில்லை.

"மன்னிக்கவேணும். இங்கேயே நிற்கச் சொல்லுகிறார்கள். தலைவர் பின்னாலேயே வந்துகொண்டிருக்கிறார்."

"குருவி?" என்றார் வெள்ளைக்காரர்.

"ஒரு அடியும் நகரக்கூடாதாம், சேர்."

நானாதான் என்ன நடந்தது என்று கேட்டார். அவள் முதலில் சொல்லவில்லை. நானா விடவில்லை. பிறகு சொன்னாள், நானா எனக்குத் தமிழில் சொன்னார். பாதை வாசலில் புதிதாக முறித்துக் கட்டிய கொப்பு ஒன்றைக் காவலர்கள் கண்டிருக்கிறார்கள். காட்டுமானுக்குக் கம்பிக் கண்ணி வைப்பவர்கள் அப்படித்தான் அடையாளம் வைப்பார்கள்: உள்ளே வா, காவல் வேறு பக்கம். அவளுடைய ஊர் காட்டு விளிம்பில். அவளுடைய அண்ணன் முன்பு கண்ணியோடு பிடிபட்டுச் சிறையில் மறியல் இருந்தவன். இன்றைக்கு அந்த வாசலால் முதலில் நுழைந்தது அவள்.

"வேலை போயிற்றாம் தம்பி. பாவம். கடைசிக் கிழமையில."

நான் நானாவின் கையைப் பிடித்து ஒரு பக்கம் இழுத்தேன்.

"நானா, அது நான் கட்டினனான்."

"என்னத்த?"

"கொப்பு. ஆனைக்கு."

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. பிறகு பாதையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"வாய மூடிக்கிட்டு நில்லு. நாளண்டைக்கு பிளேன். காட்டுச் சட்டம் என்னண்டு ஒனக்குத் தெரியுமா? பாஸ்போட்டப் புடிச்சு வெச்சா யாருக்கிட்டப் போற? ஒனக்கும் எனக்கும் ஊருக்குப் போக ஏலாமப் போகும்."

"அந்தப் பிள்ளை?"

"அந்தப் புள்ளைக்கு அல்லா இரிக்கான்."

அவர் சொன்னதில் பிழையில்லை. இரண்டு வருடமாக அந்த விமானத்தைத்தான் நினைத்துக்கொண்டு குழாயில் தொங்கினேன். இடது பக்கம் குருவி மறுபடியும் இறகடித்தது. வெள்ளைக்கார அம்மா அந்தப் பக்கம் ஒரு அடி வைத்தார், பெண் கும்பிடாத குறையாகத் தடுத்தாள். வெளிச்சம் ஏறிக்கொண்டிருந்தது. அவள் சட்டையின் நுனியை இழுத்துச் சரிசெய்தாள், பிறகு திரும்பவும் இழுத்தாள். சேறு தெறித்த சப்பாத்தைக் குனிந்து இலையால் துடைத்தாள். பரிசோதனைக்கு நிற்கிறவள் போல. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் ஏலாமல் போயிற்று.

தலைவர் தோளில் துவக்கு மாட்டிய ஒரு காவலாளியையும் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் என் கொப்பு. இலை இன்னும் வாடவில்லை. அவர் வாயைத் திறக்க முன் நான் என் நெஞ்சில் விரலை வைத்து, "மீ" என்றேன். "ஐ பிரேக்."

அவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். நம்பவில்லை. வழிகாட்டியில் இரக்கப்பட்டு வெளிநாட்டுக்காரன் பழியை ஏற்கிறான் என்று எண்ணியிருக்கவேண்டும். ஏன் செய்தாய் என்றார். என் இங்கிலீசு அதோடு முடிந்துபோயிற்று. நானா தலையில் கை வைத்தார். பிறகு பெருமூச்சு விட்டுக்கொண்டு முன்னால் வந்து சொன்னார். எங்கள் நாட்டில் காட்டுக்குள் போகுமுன் எல்லாரும் வைப்பது, யானை வரக்கூடாது என்று, தானும் வைத்ததுண்டு என்றார். கடைசிப் பகுதியை அவர் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை.

தலைவர் கொடியைக் கழற்றிக் கொப்பை என்னிடம் நீட்டினார். "செய்து காட்டு."

பக்கத்தில் ஒரு கவடு இருந்தது. கொப்பை வைத்தேன், இலை காட்டுப் பக்கம், முறித்த முனை எங்கள் பக்கம். கொடியை ஒரு சுற்று. கை விட்டதும், யாரும் கேளாமலே, கண்ணை மூடி நெற்றியில் மூன்று குட்டுக் குட்டிவிட்டேன். பழக்கம். கண் திறந்தபோது வெள்ளைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

"கண்ணி வைப்பவர்கள் முறித்த முனையைத்தான் உள்ளே காட்டுவார்கள், வாசலில் கண்டதும் இதே மாதிரி வெளியே பார்த்துத்தான் இருந்தது," என்றார் தலைவர், காவலாளியிடம். நானா அதை என் காதோடு தமிழில் சொன்னார். பிறகு நானாவிடம், "இது எந்தக் கடவுளுக்கு?"

"யானைத் தலை உள்ள கடவுள், சேர்."

"யானையிடமிருந்து காப்பாற்றச் சொல்லி யானையிடமே கேட்பீர்களா?"

"நாங்களும் ஒங்கள்ட்ட அதத்தான் கேக்கிறது," என்றார் நானா, தமிழில், என்னைப் பார்த்து.

தலைவர் பெண்ணிடம் இரண்டு சொல் சொன்னார், அவர்கள் பாஷையில். அவள் தலையசைத்தாள், மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு இடது பக்கம் விரைந்தாள். போகும்போது என் பக்கம் திரும்பவில்லை. என்னை அவர்கள் அலுவலகத்துக்குக் கொண்டுபோனார்கள். விதியை மீறியவன் அன்று காட்டுக்குள் இருக்கக்கூடாது.

ஒரு தாளும் பேனையும் தந்தார்கள். ஐ பிரேக். ஷீ நொட் நோ. அதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை. கீழே கையெழுத்து வைத்தேன். பாஸ்போட்டை வாங்கி எண்ணைப் பார்த்து எழுதிவிட்டுத் திருப்பித் தந்தார் தலைவர். அதைச் சட்டைக்குள் வைத்தபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. வாங்கில் இருந்தேன். மழை பெய்தது, விட்டது, மறுபடி பெய்தது. யாரோ ஒரு கோப்பை தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள். சுவரில் சாய்ந்தபடி அரைத் தூக்கமும் குளிருமாகக் கிடந்தேன். அவள் கதி என்ன என்று கேட்கப் பாஷையும் இல்லை, கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

மத்தியானம் அவர்கள் வெளியே வந்தார்கள். நானா தொப்பலாக நனைந்திருந்தார்.

"கண்டனீங்களா?"

"கண்ட. நம்மட குருவிதான், நெஞ்சு மட்டும் பச்சை. துள்ளுது, பொறகு நிக்குது, பொறகு துள்ளுது. அந்தம்மா அழுதுட்டா. இதுக்குப் போய் மூணு தரம் வருவாங்களா மனுஷர்?" சொல்லிவிட்டுச் சட்டை நுனியைப் பிழிந்தார். "நல்லாத்தான் இரிந்திச்சு."

வெள்ளைக்காரத் தம்பதி உள்ளே போய் நெடுநேரம் படிவம் எழுதினார்கள். அவர்கள் போனபிறகு பெண் வாசலுக்கு வந்தாள். சப்பாத்து முழங்கால் வரை சேறு. என் முன்னால் நின்று, நானா பக்கம் பார்த்து மெதுவாகச் சொன்னாள், எனக்குச் சொல்லும்படி.

"தலைவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். நாளைக்கு ஐந்தரைக்கு எனக்கு அடுத்த குழு இருக்கிறது."

நானா சொன்னதும் நான் தலையாட்டினேன். அவள் இன்னும் சிரிக்கவில்லை.

"உங்கள் கடவுளுக்கு அடுத்த முறை விழுந்து கிடக்கிற கொப்பைக் கொடுக்கச் சொல்லுங்கள்," என்றாள். சொல்லிவிட்டுச் சப்பாத்தைக் கழுவப் பைப்படிக்குப் போனாள்.

வேன் வந்தது. ஏறியதும் கால்களை நீட்டிக்கொண்டு படுத்துவிட்டேன். ரோட்டோரத்தில் குரங்குக் கூட்டம் நிற்கிறது, பெரிய சாதி, எழும்பிப் பார் என்று நானா இரண்டு தரம் தட்டினார். நான் கண் திறக்கவில்லை.